கீலுக்குக் குங்குமம் வைத்த சனிக்கிழமை

"அக்கா, பிரஷ்ஷக் கீழ வை. ராகு காலம் ஆரம்பிச்சிடுச்சு."

என் தம்பி பழனிவேல் இதைச் சொன்னபோது நான் கடலூர் முதுநகரில், உப்பனாற்றங்கரையிலிருக்கும் ஒரு படகுப் பட்டறையில், பாய்மரப் படகு ஒன்றின் வயிற்றுக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு கையில் பிரஷ், இன்னொரு கையில் பிரைமர் டப்பா. தலையில் துண்டு, மூக்கில் முகமூடி, கண்ணில் என் வீட்டுக்காரரின் பழைய ஸ்கூட்டர் கண்ணாடி. சிதம்பரத்தில் என்னிடம் வேதியியல் படிக்கும் பெண்கள் அந்தக் கோலத்தில் என்னைப் பார்த்திருந்தால், பரீட்சையில் இன்னும் தைரியமாகக் காப்பி அடித்திருப்பார்கள்.

எதிரே, விடியற்காலையிலிருந்து மூன்று பேர் மாற்றி மாற்றி கிரைண்டர் பிடித்துத் தேய்த்த இரும்பு, புது எவர்சில்வர் குடம் மாதிரி மின்னியது. அதன்மேல் கடல் காற்று அடித்துக்கொண்டிருந்தது.

"பழனி, ரெண்டு டப்பாவையும் சேத்துக் கலந்தாச்சுடா. இனிமே வெச்சிருக்க முடியாது. டப்பாவுக்குள்ளயே கல்லாப் பூடும்."

"கலக்கறது வேற, பூசறது வேற. கலந்தது நல்ல நேரத்துலதான். நான் வரும்போதே கலந்து வெச்சிருந்தியே."

"இரும்பு அம்மணமா காத்துல நிக்குது. இப்பவே பூசலன்னா மறுபடியும் துரு ஏறும்."

"ஒன்றரை மணி நேரத்துல இன்னாக்கா ஏறப் போவுது? இத்தினி வருஷமா ஏறுனது பத்தலையா அதுக்கு?"

இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று ஆண்டு தவறாமல் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவளிடம், பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை வியாபாரம் செய்கிறவன் கேட்ட கேள்வி இது. நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மும்முரமாகக் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். எனக்கும் என் தம்பிக்கும் வாக்குவாதம் வந்தால் அவருக்கு எப்போதும் கையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

கேப்டன் உருவான கதை

போன வாரம் இந்தப் பத்தியில் வந்த மாடித் தோட்டத்துக் கதையைப் படித்த விருத்தாசலத்து வாசகி ஒருவர், "உங்கள் கணவர் பாவம், ஏன் அவரை இப்படி வாருகிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். அம்மா, தயவுசெய்து இந்த வாரமும் படியுங்கள்.

என் வீட்டுக்காரர் பெயர் கருணாகரன். சொந்த ஊர் சேத்தியாத்தோப்பு. வெள்ளாற்றில் தண்ணீர் கரைபுரண்ட காலத்தில் இக்கரையிலிருந்து அக்கரைக்கு நீந்தியவர். இதை அவரே சொல்வார். சாட்சி சொல்ல இதுவரை வேறு யாரும் முன்வந்ததில்லை.

வங்கி வேலையில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததும் முதலில் தொலைநோக்கி வாங்கினார். சனி கிரகத்தின் வளையத்தைக் காட்டுகிறேன் என்று எங்களை மொட்டை மாடியில் நிற்க வைத்து, எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைக் காட்டினார். அதற்கப்புறம் தேனீப் பெட்டி. தேனீக்கள் எங்களைவிட விவரமானவை, சீக்கிரமே இடத்தைக் காலி செய்துவிட்டன. பிறகுதான் படகு.

புதுச்சேரியை விட்டு ஊர் திரும்பும் ஒரு வெளிநாட்டுக்காரரிடம் வாங்கினார். கை மாறிய அன்று அந்த மனிதர் இவரைக் கட்டிப்பிடித்துக் கண் கலங்கினாராம். "அவுரு எவ்ளோ பாசமா வெச்சிருந்திருக்காரு பாரு" என்று வீட்டில் வந்து உருகினார். விற்கிறவன் வாங்குகிறவனைக் கட்டிப்பிடித்து அழுதால் அதற்கு என்ன அர்த்தம் என்று, இத்தனை வருடம் வங்கியில் உட்கார்ந்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

சிதம்பரத்தில் செய்தி பரவியது. பால் பூத்தில், பேங்க்கில், கீழ வீதி மருந்துக் கடையில் ஒரே கேள்விதான்: "பிச்சாவரத்துலயா சார் ஓட்டப் போறீங்க?" பிச்சாவரத்துச் சேற்றில் இந்தப் படகை இறக்கினால் நட்டுவைத்த தென்னங்கன்று மாதிரி நின்றுவிடும். அவ்வளவு ஆழத்துக்கு அதன் அடியில் இரும்பு தொங்குகிறது. அதனால் படகு கடலூருக்குப் போனது. சனி, ஞாயிறு தோறும் நாங்களும் போனோம்.

இவரையாவது சமாளித்திருப்பேன். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள் யாழினியும் அப்பா கட்சியில் சேர்ந்துவிட்டாள். "அப்பா, நான் லீவு போட்டுட்டு வரேன். கடலூர்லேர்ந்து பாண்டிச்சேரிக்கு நாம ரெண்டு பேரும் பாய் விரிச்சுப் போறோம்" என்று போனில் அறிவித்தாள். நான் பிரஷ் பிடித்த அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை பயணம்.

எனக்கு இருப்பது ஒரு கணவர், ஒரு மகள். இரண்டு பேரும் ஒரே படகில் போவார்கள், நான் கரையிலிருந்து கை அசைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

பொம்மைக்கு அடியில் இருப்பது

கீல் என்றால் என்ன என்று கேட்பீர்கள். என்னிடம் கேட்காதவர்கள் இல்லை.

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைத் தள்ளினால் சாய்ந்து மறுபடி எழுந்து நிற்கிறதல்லவா? அடியில் கனம் இருப்பதால்தான். பாய்மரப் படகுக்கும் அப்படித்தான். காற்று பாயைப் பிடித்துப் படகைச் சாய்க்கும். அடியில் துடுப்பு வடிவத்தில் தொங்கும் இரும்புப் பாளம் படகைத் திரும்ப நிமிர்த்தும். அந்தப் பாளம்தான் கீல். படகின் உடம்பு ஃபைபர், கீல் இரும்பு. இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பவை சில நீள போல்ட்டுகள்.

அந்தப் பிடி விட்டால் கீல் கடலடிக்குப் போகும். படகு அந்த நொடியே குப்புறக் கவிழும். உள்ளே இருப்பவர்கள் அதற்கு அடியில் மாட்டிக்கொள்வார்கள். இதை நான் ஒரு காகிதத்தில் படம் வரைந்து என் வீட்டுக்காரருக்கு விளக்கினேன். "படம் நல்லா வரையற" என்றார்.

கடலூர்க் காற்றைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். கல்யாணமான புதிதில் குடியிருந்தது முதுநகரில், அதாவது ஓல்டு டவுன் என்கிற ஓ.டி.யில். அப்படிச் சொன்னால்தான் ஆட்டோக்காரருக்கே புரியும். அங்கே பூட்டுக்குச் சாவி போட்டால் சாவி மட்டும்தான் சுற்றும். ஜன்னல் கம்பியைத் துடைத்தால் கம்பியே துணியோடு வரும்.

எனக்குச் சீராக வந்த இரும்பு பீரோவும் அந்த வீட்டில்தான் நின்றது. வருடா வருடம் பொங்கலுக்குப் பழனி வந்து அதன்மேல் சில்வர் பெயின்ட் அடித்துவிட்டுப் போவான். "பாரு, நேத்து வாங்குன மாரி கீது" என்பான். ஒரு தீபாவளிக்குக் கீழ்த் தட்டிலிருந்து பட்டுப்புடவையை இழுத்தேன். புடவையோடு பீரோவின் அடித்தகடும் சேர்ந்து வந்தது. இரும்பு எப்போதோ போய்விட்டிருந்தது. அதுநாள் வரை என் பட்டுப்புடவைகளைத் தாங்கி நின்றது வெறும் பெயின்ட்.

பூசி மெழுகுவதில் என் தம்பிக்கு அன்றிலிருந்தே கைராசி உண்டு.

சுரண்டல்

அந்த வெளிநாட்டுக்காரர் கீலை வெள்ளை வெளேரென்று வைத்திருந்தார். ஹைட்ரா கிரேன் வைத்துப் படகைத் தூக்கி, மரச்சட்டம் கொடுத்து நிறுத்தி, சுத்தியலால் ஒரு தட்டு தட்டினோம். அப்பளம் மாதிரி வெள்ளைப் பெயின்ட் உதிர்ந்தது. அடியில் இன்னொரு பெயின்ட், அதற்கடியில் குழி நிரப்பும் பட்டி, அதற்கும் அடியில் ஏடு ஏடாகத் துரு.

ஆளுக்கொரு கொள்கை இருந்தது. என் வீட்டுக்காரர், எங்கோ ஒரு குளிர் தேசத்துத் தாடிக்காரர் போடும் வீடியோக்களைப் பார்த்து நடந்தார். அந்தத் தாடிக்காரர் ஒரு பக்கத்தைத் தேய்த்துவிட்டு, நிதானமாக ஒரு காபி குடித்துவிட்டு வந்து பெயின்ட் அடிப்பார். அவர் ஊரில் இரும்புக்கும் வியர்க்காது, மனிதனுக்கும் வியர்க்காது.

பழனியின் கொள்கை இன்னும் எளிது. "இன்னாத்துக்கு மாமா இவ்ளோ மெனக்கெடறீங்க? என் லாரிக்கு அடிக்கிற ரெட் ஆக்சைட ரெண்டு கோட்டிங் குடுத்தா போதும். எத்தினி மழ பாத்திருக்குது தெரியுமா?"

"மச்சான், உன் லாரி கடலுக்குள்ள போகாதே."

"பண்ருட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் மழ பேஞ்சா வந்து பாருங்க. அது கடலா ரோடான்னு சொல்லுங்க."

என்னுடையது வெறும் பாடப்புத்தகம். தளர்ந்த துருவைச் சுத்தியலால் தட்டி உதிர்க்க வேண்டும். கிரைண்டரில் கம்பி பிரஷ்ஷை மாட்டித் தேய்க்க வேண்டும். உப்புப் போக நல்ல தண்ணீரில் கழுவிக் காய வைக்க வேண்டும். குழிகளுக்குள் ஒளிந்திருக்கும் மிச்சத்துக்குத் துருவை மாற்றும் அமிலம் தடவ வேண்டும். கடைசியாக ஒருமுறை பளபளவென்று தேய்த்து, தின்னரில் துடைத்து, உடனே, அதாவது டீ குடிக்கப் போகாமல், எபாக்ஸி பிரைமர் பூச வேண்டும். இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். எனக்கு என் கடைசி பெஞ்சுப் பெண்கள் ஞாபகம் வந்தார்கள்.

வார இறுதிகள் இப்படியே போயின. சிப்பிகளைச் சுரண்டினோம், துருவைத் தட்டினோம். காது அடைத்தது. மூக்கைச் சிந்தினால் செங்கல் நிறத்தில் வந்தது. ஒரு மாலை சிதம்பரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மா என் புடவையைப் பார்த்துவிட்டு, "சூளைலயாம்மா வேல? கூலி ஒழுங்கா குடுக்கிறானா?" என்று பரிவோடு விசாரித்தார். என் வீட்டுக்காரரைக் காட்டி, "முதலாளி அவர்தான், கேளுங்க" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கீலும் படகும் சேரும் மூட்டில் மட்டும் நாங்கள் கை வைக்கவில்லை. அங்கே பழைய பட்டி இறுகிப்போயிருந்தது. பழனி விரல் முட்டியால் தட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னான். "கல்லு மாரி கீது. நல்லா இருக்கறத இன்னாத்துக்கு நோண்டற?" நானும் களைத்திருந்தேன். சரி என்றேன்.

தேங்காய் வந்த நேரம்

மறுபடியும் அந்தச் சனிக்கிழமைக்கு வருவோம்.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ராகு காலம் தொடங்கும் என்பது தமிழ்நாட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும். அதனால்தான் விடியும் முன்பே வேலையை ஆரம்பித்தோம். எட்டரைக்குள் தேய்த்து, துடைத்து, முதல் கோடு இழுத்துவிட்டால் போதும். நல்ல நேரத்தில் தொடங்கிவிட்ட வேலையை ராகு ஒன்றும் செய்ய மாட்டார் என்பது நம் ஊரில் எல்லாரும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு. ராகுவுக்கும் அது சம்மதம்தான் போலிருக்கிறது.

ஆனால் பூஜை போடாமல் எப்படி முதல் கோடு இழுப்பது? தேங்காய் வாங்கப் போனான் பழனி. முதல் கடையில் காய்க்குக் குடுமி இல்லை. இரண்டாவது கடையில் குடுமி இருந்தது, ஆட்டிப் பார்த்தால் தண்ணீர் இல்லை. மூன்றாவது கடைக்காரர் சில்லறைக்குப் பக்கத்துக் கடைக்குப் போனார். அதற்குள் நான் பிரைமரைக் கலந்துவிட்டேன். அவன் எப்படியும் வந்துவிடுவான் என்று நம்பினேன். தம்பி என்றால் கூடவே பிறந்த நம்பிக்கை.

வந்தான். மின்னிய இரும்பின் மேல் சந்தனத்தைக் குழைத்துப் பெரிதாக வைத்தான். அதன் நடுவில் குங்குமம் வைத்தான். கற்பூரம் காட்டினான். பிறகு, தடுப்பதற்குள், தேங்காயைக் கீலிலேயே அடித்து உடைத்தான். தின்னர் போட்டு நான் துடைத்துத் துடைத்து வைத்திருந்த இரும்பின் மேல் தேங்காய்த் தண்ணீர் வழிந்து ஓடியது. என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக் கைகூப்பியிருந்தார்.

அதற்கப்புறம்தான் பழனி செல்போனில் மணி பார்த்தான். அப்போது சொன்னதுதான் நீங்கள் முதலில் படித்தது.

"ஒரே ஒரு கோடு இழுத்துக்கறேண்டா. யாருக்கும் தெரியாது."

"யாருக்குத் தெரியாது? ராகுவுக்குமா?"

"பழனி, இது கெமிஸ்ட்ரி."

"நீ சொல்றது எனுக்குப் புரியாமலா இருக்குது? லாரியா இருந்தா நான் இதெல்லாம் பாக்கவே மாட்டேன்." அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. "மாமாவும் பாப்பாவும் கடல்ல போற வண்டிக்கா இது."

பிரஷ்ஷை டப்பாவிலேயே விட்டுவிட்டு எழுந்தேன். இப்படி அடிமடியில் கை வைத்தால் எந்தப் பாடப்புத்தகத்தில் பதில் இருக்கிறது? மூன்று பேரும் பொங்கல் வடை சாப்பிடப் போனோம். அவர்கள் இரண்டு பேரும் ரசித்துச் சாப்பிட்டார்கள். என் இலையில் பொங்கல் ஆறிப்போனது.

பத்தரை தாண்டித் திரும்பி வந்தபோது கீல் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. தேங்காய்த் தண்ணீர் வழிந்த தாரைகள் மட்டும் இன்னும் கருஞ்சிவப்பு. யார் யார் கை பட்டதோ அந்த விரல்கள் எல்லாம் ரேகையோடு பதிந்திருந்தன. குங்குமம் எங்கே முடிகிறது, துரு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. டப்பாவில் நான் விட்டுப்போன பிரஷ், யாரும் பிடிக்காமலே செங்குத்தாக நின்றது.

"அக்கா," என்றான் பழனி.

"பேசாத."

"இல்ல, இப்ப நல்ல நேரம் வந்திடுச்சுன்னு…"

"பேசாதன்னு சொன்னேன்."

கோபம்

எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம் தேய்ப்பேன். அன்று பாத்திரம் இல்லை, உளியும் சுத்தியலும் இருந்தன. கிரைண்டரை அவர்கள் இரண்டு பேருக்கும் விட்டுவிட்டு, உளியை எடுத்துக்கொண்டு எது கண்ணில் பட்டதோ அதை அடித்தேன். கண்ணில் பட்டது, பழனி கல்லு மாதிரி இருக்கிறது என்று சர்டிபிகேட் கொடுத்த அந்த மூட்டு. அவன் சொன்னது எதுவும் அன்று எனக்கு நன்றாக இருக்கவில்லை.

மூன்றாவது அடியில் பட்டி ஒரு கையளவு பெயர்ந்து விழுந்தது. உள்ளேயிருந்து டீ நிறத்தில் ஒரு துளி இறங்கியது. அப்புறம் இன்னொன்று. துடைத்தேன், மறுபடியும் இறங்கியது.

படகு தண்ணீரை விட்டு மேலே வந்து வாரக்கணக்காகிறது. பிறகு இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

"பழைய தண்ணி உள்ள தங்கியிருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"போல்ட்டு போற வழியில தங்கியிருக்குங்க. உப்புத் தண்ணி. எத்தன வருஷமா தங்கியிருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"பட்டி வெச்சு அடைச்சிட்டா நின்னுடும்கா" என்றான் பழனி.

"என் பீரோவுக்கு அடிச்சயே, அந்த மாதிரியா?"

அவன் குனிந்து கிரைண்டரை எடுத்தான். ஆனால் என் வீட்டுக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. அவர் குரலை உயர்த்தி நான் அதிகம் கேட்டதில்லை.

"இந்தப் படகு வந்த நாள்லேர்ந்து உனக்குப் புடிக்கல. ஒரு நாளாச்சும் நல்ல வார்த்த சொல்லியிருக்கியா? பொண்ணு அடுத்த வாரம் வருது. டிக்கெட் போட்டாச்சு. இப்ப போயி எல்லாத்தையும் பிரின்னு சொல்ற. இத்தன வருஷம் கழிச்சு நான் ஆசப்பட்டது ஒண்ணே ஒண்ணுதான்."

எனக்கு வலித்தது. அவர் சொன்னதில் பாதி உண்மை என்பதால் ஜாஸ்தி வலித்தது. பட்டறையில் ஃபைபர் தேய்த்துக்கொண்டிருந்தவர்கள் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"படகு எனக்குப் புடிக்காதுதான்" என்றேன். "உங்க ரெண்டு பேரையும் எனக்குப் புடிக்கும். ஒரே ஒரு போல்ட்டைக் கழட்டிக் காட்டுங்க. அது நல்லா இருந்தா நானே பட்டி வெச்சு, நானே பெயின்ட் அடிச்சு, நானே தேங்காயும் உடைக்கிறேன்."

ஏணி வைத்து மூன்று பேரும் படகுக்குள் ஏறினோம். தரைப்பலகையைத் தூக்கினால் அடியில் வரிசையாக நட்டுகள் தெரிந்தன. ஒவ்வொன்றுக்கும் மேலே வெள்ளைப் பெயின்ட் அழகாக அடித்திருந்தது. பார்த்ததும் என் வீட்டுக்காரர் முகம் தெளிந்தது. "பாரு, எப்புடி கீதுன்னு" என்று பழனியும் சொன்னான்.

ஸ்பேனரைப் போட்டு, அது அசையாது என்று நினைத்து, குழாய் ஒன்றைக் கைப்பிடியில் செருகி, பழனி மூச்சைப் பிடித்து இழுத்தான். இழுத்த வேகத்தில் பின்பக்கமாக மல்லாந்து விழுந்தான். நட்டு சுற்றவில்லை. போல்ட்டே சுற்றியது, பிறகு தனியாகக் கையோடு வந்துவிட்டது.

எடுத்துப் பார்த்தோம். தலை நன்றாகத்தான் இருந்தது. அதற்குக் கொஞ்சம் கீழே, மூட்டுக்குள் மறைந்திருந்த இடத்தில், கட்டைவிரல் தடிமன் இருக்க வேண்டிய இரும்பு பென்சில் அளவுக்கு இளைத்து, அதுவும் முறிந்திருந்தது. உள்ளே கருப்பாகவும், முறிந்த இடத்தில் ஒரு கடுகளவு மட்டும் பளபளப்பாகவும் இருந்தது. இத்தனை நாள் பிடித்து நின்றது அந்தக் கடுகளவு இரும்புதான்.

அடுத்ததும் அப்படித்தான், அதற்கடுத்ததும். வரிசையில் கொஞ்சமே கொஞ்சம் போல்ட்டுகள்தான் உருப்படியாக இருந்தன.

உள்ளதைச் சொன்னால்

என் வீட்டுக்காரர் அந்த முறிந்த துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தரைப்பலகையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு யாழினிக்குப் போன் போட்டார். "இந்த வாரம் வேணாம்மா. கொஞ்சம் வேல இருக்குது" என்றார். அவள் ஏதோ கேட்டாள். "அம்மா கண்டுபுடிச்சா" என்றார். போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

அப்புறம் பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு, தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நேராக எங்கேயோ, நல்ல காற்றில், அப்பாவும் பெண்ணும் சிரித்துக்கொண்டு போகும்போது இது நடந்திருக்கும் என்று மனம் தானாகவே படம் ஓட்டியது. நான் யாரையும் வாரவில்லை. அழுதேன்.

பழனி கீழே இறங்கிப்போய், சந்தனமும் துருவும் அப்பிக்கிடந்த கீலுக்கு முன்னால் நின்றான். "நானும் அவுங்களோட போறதாத்தான் இருந்தேன் அக்கா. உன்கிட்ட சொன்னா திட்டுவியேன்னு சொல்லல" என்றான். ஆக எனக்கிருந்த ஒரே தம்பியும் அந்தப் படகில்தான் போயிருப்பான்.

இந்த நெகிழ்ச்சி அவனுக்கு மாலை வரை நீடித்தது. டீக்கடையில் பழைய பழனி திரும்பி வந்துவிட்டான்.

"அக்கா, காலையில ஒம்போது மணிக்கு நீ பெயின்ட் அடிச்சிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

நான் டீயை ஆற்றினேன்.

"மூட்டத் தொட்டிருக்க மாட்ட. படகு தண்ணியில எறங்கியிருக்கும். இப்ப சொல்லு, நம்பள காப்பாத்துனது யாரு?"

"நான். எனக்கு வந்த கோபம்."

"உனுக்குக் கோபம் வரவச்சது யாரு?"

பிறகு வந்த கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு அத்தனையிலும் அவன் இந்தக் கதையைச் சொல்லிவிட்டான். அவன் சொல்லும் கதையில் உளியும் இல்லை, உளி பிடித்த நானும் இல்லை. ராகு நேரடியாக வந்து ஸ்பேனர் பிடிக்கிறார். நான் எழுந்து பந்தி பார்க்கப் போய்விடுவேன்.

கிரேன் வைத்துப் படகையும் கீலையும் பிரித்தோம். பண்ருட்டி சாலையில் ஒரு லேத் பட்டறையில் புது போல்ட்டுகள் செய்தோம். கீலை மறுபடியும் தேய்த்தோம். இந்த முறை தேங்காய் முந்தின நாளே வந்தது, படகிலிருந்து தள்ளி ஒரு கருங்கல்லில் உடைந்தது. தேய்த்த கை ஈரம் காயும் முன் முதல் கோட்டிங் ஏறியது. காய்ந்ததும் அடுத்தது, அதற்குமேல் இன்னொன்று, கடைசியாகச் சிப்பி ஒட்டாத பெயின்ட். மூட்டில் புதுப் பசை வைத்து நட்டுகளை முடுக்கியபோது கடைசி இழுப்பை நான்தான் இழுத்தேன். வேறு யாரையும் நான் நம்பவில்லை.

மாசி மகத்துக் கூட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு நாள் படகு உப்பனாற்றில் இறங்கியது. யாழினி வந்திருந்தாள். பயணம் பாண்டிச்சேரிக்கு இல்லை, முகத்துவாரம் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்த் திரும்புவது மட்டும்தான். அப்பாவும் பெண்ணும் ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு ஏறினார்கள். "மாமா, அடுத்த ட்ரிப்புல நான் வரேன்" என்று பழனி கரையிலேயே நின்றுகொண்டான். புதுச்சட்டை நனைந்துவிடுமாம்.

"அம்மா, கரையிலேர்ந்து போட்டோ எடு" என்றாள் யாழினி.

நான் செல்போனைப் பழனியிடம் கொடுத்தேன். செருப்பைக் கழற்றினேன். "எனக்கும் ஒரு ஜாக்கெட் குடுங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் திகைத்துப்போனார். "உனக்குத் தண்ணின்னாலே ஆகாதே. நீச்சலும் தெரியாது."

"கைய குடுங்க" என்றேன். கொடுத்தார்.

அந்த போல்ட்டுகள் மேல் எனக்கிருந்த நம்பிக்கையில்தான் ஏறினேன் என்று அவர் இன்றைக்கும் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். எங்கள் ஆசிரியர் அறையில் நான் பெரிய தைரியசாலி. நான் யாரையும் திருத்தவில்லை. அந்த இரண்டு பேரையும் அனுப்பிவிட்டுக் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் ஏறினேன்.